விற்பனைக்கு வராத பாட்டு

தென்கொரியாவின் பி.டி.எஸ். குழுவைச் சேர்ந்த சுகா, 2016 ஆகஸ்டில் தம் முதல் தனி மிக்ஸ்டேப்பை வெளியிட்டார். பத்துத் தடங்கள், விலை கிடையாது, இணையத்தில் எவரும் இறக்கிக்கொள்ளலாம். அறிமுகமான பெயரை விடுத்து 'அகஸ்ட் டி' என்ற புனைபெயரையும் சூடிக்கொண்டார். 'டிடி சுகா' என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் வரும் பெயர் அது. 'டிடி' என்பது அவர் பிறந்த டேகு நகரைச் சுட்டும். புகழ்பெற்ற ஒருவர் பாட்டை இலவசமாகத் தருவது விளம்பர உத்தி என்றே முதலில் தோன்றும். ஒலிநாடாவின் வரலாற்றோடு சேர்த்து நோக்கினால் வேறொன்று புலப்படும்.

மிக்ஸ்டேப்பின் தொடக்கம் 1970களின் நியூயார்க். அங்கே பிராங்ஸ் பகுதிக் கொண்டாட்டங்களில் இசைத்தட்டுகளைக் கலந்து ஒலிக்கச் செய்த இளைஞர்கள், தம் நிகழ்ச்சிகளை நாடாவில் பதிந்து கைமாற்றினர். பிறர் இசையைக் கலந்து ஆக்கியவை ஆதலின் அவற்றை முறைப்படி விற்க இயலாது. நிறுவனங்களின் வாயிலில் காத்து நிற்காமல் கேட்போரை நேரே அடையும் வழியாக அது வளர்ந்தது.

கொரியாவிலும் ஒலிநாடாவுக்குத் தனியே ஒரு வரலாறு உண்டு. ஆனால் அங்கே வாயிலில் நின்றது அரசு. பார்க் சுங்-ஹீ ஆட்சியில் பாடல்கள் தணிக்கைக்குப் பின்பே வெளிவர முடியும். கிம் மின்-கி 1971இல் வெளியிட்ட 'காலைப் பனித்துளி' 1975இல் தடைசெய்யப்பட்டது. அவர் 1978இல் ஆலைத் தொழிலாளர்களின் போராட்டத்தை 'ஆலையின் விளக்கொளி' என்னும் இசைநாடகமாக்கி, மறைவாகப் பதிவுசெய்து, நாடாவாகவே பரப்பினார். பாடகர் சோங் டே-சுன் 1990இல் தணிக்கைக்கு அனுப்பாமலேயே ஒரு தொகுப்பை வெளியிட்டார். 1995இல் சோ டே-ஜி குழுவின் பாடலொன்றின் வரிகளை மாற்றுமாறு தணிக்கையாளர் கேட்டபோது, அவர்கள் சொற்களை முற்றாக நீக்கி வெறும் இசையாகவே அதை வெளியிட்டனர். இரசிகர்கள் கொதித்தெழுந்தனர். 1996இல் முன்தணிக்கை முறை ஒழிந்தது.

அரசின் தணிக்கை ஒழிந்தபின் எழுந்ததே இன்றைய கொரிய இசைத்தொழில். பல்லாண்டுப் பயிற்சி, ஒத்திசைந்த நடனம், மாறாத புன்னகை. எதைச் சொல்லலாகாது என்று சட்டம் ஏதுமில்லை. ஆயினும் இரசிகரின் மனத்திலுள்ள உருவம் சிதையலாகாது என்ற எழுதப்படாத விதி உண்டு. சுகா குழுவுக்கும் பாட்டெழுதுபவரே. எனினும் எழுவர் சேர்ந்து பாடும் பாட்டில் ஒருவரின் நோய்க்கு எவ்வளவு இடம் இருந்துவிடும்?

அந்த இடத்தை மிக்ஸ்டேப் தந்தது. 'தி லாஸ்ட்' என்னும் தடத்தில் தம் மனச்சோர்வையும், ஓயாது அலைக்கழிக்கும் எண்ணங்களையும், மனிதரைக் கண்டு அஞ்சிய நாள்களையும், பெற்றோருடன் மனநல மருத்துவரிடம் சென்றதையும் மறைக்காமல் கூறுகிறார். பகுதிநேர வேலையில் நேர்ந்த விபத்தில் தோள் நொறுங்கியதும் அதில் வருகிறது. புனைபெயர் பொதுவாக ஆளை மறைப்பதற்கு உதவும். இங்கே மேடைப்பெயர் மறைத்த ஆளை அது வெளிக்காட்டியது.

கிம் மின்-கி எதிர்கொண்டது அரசின் ஒடுக்குமுறை. சுகாவின் மிக்ஸ்டேப்போ நிறுவனத்தின் இசைவுடன் வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தல் தகாது. ஆனால், விற்பனைக்கு வராத பாட்டில்தான் விற்க முடியாத உண்மையைச் சொல்ல இயலும் என்பதை இரண்டும் காட்டுகின்றன. 2017 டிசம்பரில் ஷைனி குழுவின் ஜோங்-ஹியோன் 27ஆம் வயதில் மறைந்தார். மனச்சோர்வோடு அவர் நடத்திய போராட்டம் அதன்பின்னரே பலருக்குத் தெரியவந்தது. அதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே, அதே துறையில் இருந்துகொண்டு ஒருவர் தம் நோயைப் பெயர்சொல்லிப் பாடியிருந்தார் என்பதை எண்ணும்போது அத்துணிவின் பெறுமதி விளங்குகிறது.

அந்த மிக்ஸ்டேப் 2018இல் விற்பனைக்கும் வந்தது. 2023 ஏப்ரலில் அதே புனைபெயரில் வந்த 'டி-டே' முறையான இசைத்தொகுப்பாகவே வெளியாகி, அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது. ஒரு காலத்தில் சந்தைக்கு வெளியே நின்று சொன்னதைச் சந்தையே விலைகொடுத்து வாங்கிக்கொண்டது. இதை வெற்றி என்பதா, இழப்பு என்பதா? முதன்முறை அதைச் சொன்னபோது எவரிடமும் அவர் காசு வாங்கவில்லை என்பதை மட்டும் நாம் நினைவில் வைக்கலாம்.