எஞ்சினுக்குள் இருக்கும் எண்கள் யாருக்குச் சொந்தம்?

கராஜ் ஒன்றில் வேலை பழகும் பழைய மாணவர் ஒருவர் போன கிழமை மெசஞ்சரில் கேட்டிருந்தார்: “சேர், லெப்டொப் ஒன்ட வச்சி எஞ்சின டியூன் பண்றாங்களே, இது யாரு, எப்ப தொடங்கின வேல? நம்மட வாகனத்துல நாம செஞ்சா பிழையா?”

பதில் நீளமானது. வாகனம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதில் பங்கு இருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஓடிய காலத்தில் எஞ்சினை டியூன் பண்ணுவதற்கு ஒரு ஸ்குரூ ட்ரைவரும் நல்ல காதும் போதும். பாஸ் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். கறுப்புக் கரி படிந்திருந்தால் பெற்றோல் கூட. வெள்ளையாய் வெளுத்திருந்தால் குறைவு. பிஸ்கட் நிறம் என்றால் சரி. காபரேட்டரின் ஸ்குரூவை அரைச் சுற்றுத் திருப்புவார், டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் அசைப்பார், அவ்வளவுதான். பக்கத்தில் நின்று ஸ்பெனர் எடுத்துக் கொடுக்கும் பொடியனும் ஆறு மாதத்தில் அதைக் கற்றுக்கொள்வான். அங்கே மறைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

எஞ்சினுக்குள் கணினி வந்ததற்கு முக்கிய காரணம் வேகமல்ல, புகை. முதல் முயற்சி வேறு நோக்கத்தில்தான் நடந்தது. அமெரிக்காவின் பென்டிக்ஸ் கம்பனி மின்னணு முறையில் பெற்றோல் பீச்சும் கருவியொன்றை 1958 மொடல் கிரைஸ்லர் ரகக் கார்களில் போட்டுப் பார்த்தது. மொத்தம் 35 கார்கள்தான். அவற்றிலும் பெரும்பாலானவை திரும்ப காபரேட்டருக்கே மாற்றப்பட்டன. அந்தக் காப்புரிமைகளின் கீழ் ஜேர்மனியின் பொஷ் கம்பனி அதைத் திருத்தி, 1967இல் வோக்ஸ்வேகன் 1600 காரில் கொண்டு வந்தது. கலிபோர்னியாவின் புகைக் கட்டுப்பாடு இறுகிக்கொண்டிருந்த நேரம் அது. 1970இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் வந்து, புதிய கார்களின் நச்சுப் புகையை 90 வீதத்தால் குறைக்கச் சொன்னது. ஸ்குரூ ட்ரைவரால் அது ஆகாது.

ஏன் ஆகாது என்றால், புகைக்குழாயில் இருக்கும் கற்றலிடிக் கொன்வேட்டர் ஒழுங்காக வேலை செய்ய, ஒரு பங்கு பெற்றோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற கணக்கு கிட்டத்தட்ட பிசகாமல் இருக்க வேண்டும். அதை நொடிக்கு நொடி அளந்து சொல்லும் ஒட்சிசன் சென்சரை 1976இல் வொல்வோ முதலில் பொருத்தியது. 1979இல் பொஷ்ஷின் மோட்ரொனிக், பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தபோது, பெற்றோலையும் தீப்பொறியையும் ஒரே கணினி கவனிக்கத் தொடங்கியது. இன்று நாம் ஈசியூ என்று சொல்லும் பெட்டி அதன் வாரிசு.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? பாடசாலை நேரசூசியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பாடவேளைகள், பக்கத்தில் நாட்கள், கட்டத்துக்குள் பாடம். ஈசியூவிலும் அதே மாதிரி அட்டவணைகள். மேலே எஞ்சின் சுழலும் வேகம், பக்கத்தில் உள்ளே போகும் காற்றின் அழுத்தம் அல்லது அளவு, கட்டத்துக்குள் ஓர் எண். இந்த வேகத்தில், இவ்வளவு காற்றுக்கு, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதே அந்த எண். தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதற்கு இன்னோர் அட்டவணை. குளிரில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு வேறொன்று. பாஸின் காதில் இருந்த அறிவு எண்ணாக மாறி உள்ளே போய், பெட்டிக்கு மூடியும் போட்டாயிற்று.

மூடியைத் திறந்தவர்களின் கதைதான் எனக்குப் பிடித்தது. 1980களின் கார்களில் அந்த எண்கள் ஈபிரொம் என்ற சிப்பில் இருந்தன. அதன் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கும். புறஊதா வெளிச்சத்தைக் காட்டினால் உள்ளே எழுதியது அழிந்துவிடும், பிறகு புதிதாக எழுதலாம். சிலர் இதை வியாபாரமாக்கினார்கள். வேறு சிலர் சிப்பில் இருந்த எண்களைப் பிரதி எடுத்து, எந்தக் கட்டம் எதற்கு என்று மாதக்கணக்கில் தேடினார்கள். ஓர் எண்ணை மாற்றுவது, காரை ஓட்டுவது, என்ன மாறுகிறது என்று பார்ப்பது. வழிகாட்டிப் புத்தகம் இல்லாமல் ஒரு மொழியைக் கற்பது போன்ற வேலை.

1992 முதல் 1995 வரையான ஹொண்டா சிவிக் ஈசியூக்களில் ஒரு வேடிக்கை இருந்தது. நிரல் புரொசசருக்கு உள்ளேயே இருந்தது. ஆனால் பலகையில் வெளிச் சிப் ஒன்றைப் பொருத்தும் துளைகள் ஆளில்லா ஆசனம் போல வெறுமையாகக் கிடந்தன. பொடியன்மார் அதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு சிப்பும் சில சின்னப் பாகங்களும் சோல்டர் பண்ணினால், கணினி உள்ளே இருப்பதை விட்டுவிட்டு வெளிச் சிப்பை வாசிக்கும். 32 கிலோபைட். நம் கைபேசியில் எடுக்கும் ஒரு படத்தில் நூறில் ஒரு பங்கு கூட வராது.

2001இல் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். கம்பனியின் பெட்டியோடு மல்லுக்கட்டாமல், ஒரு பெட்டியை நாமே செய்தால் என்ன? அவர்களின் மெகாஸ்குவேர்ட், பாகங்களாக வந்து வாங்கியவரே மேசையில் வைத்து ஒட்டிக்கொள்ளும் ஈசியூ. சுற்றுப் படத்தையும் நிரலையும் வெளியிட்டார்கள். முதல் பதிப்பில் பெற்றோலுக்கான அட்டவணை எட்டுக்கு எட்டு, 64 கட்டங்கள் மட்டும். தீப்பொறியை அது தொடவே இல்லை. அந்தச் சிறுமைதான் அதன் பலம் என்பது என் கருத்து. 64 எண்ணை எவரும் விளங்கிக்கொள்ளலாம். பின்னர் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய ஸ்பீடுயினோ, பாடசாலை ரோபோட்டிக்ஸ் கழகங்களில் பாவிக்கும் அதே ஆர்டுயினோ பலகையில் ஓடுகிறது. சுபாரு காரர்களுக்கு ரொம்ரெய்டர் என்ற இலவச மென்பொருள் வந்தது. அதில் கம்பனியின் அட்டவணைகளே நிறம் பூசிய கட்டங்களாகத் திரையில் விரியும்.

இதில் விளையாட்டுத்தனமும் கலந்திருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. பெற்றோலைக் குறைத்துத் தீப்பொறியை முன்னுக்குத் தள்ளினால் எஞ்சின் கொஞ்ச நேரம் நன்றாக இழுக்கும். பிறகு உள்ளே நேரங்கெட்டு வெடிக்கத் தொடங்கும், டக டக என்று தட்டும். அதோடு ஓடினால் பிஸ்டன் உருகி ஓட்டை விழும். ஜப்பானின் உயர்ரகப் பெற்றோல் 96 ஒக்டேனுக்குக் குறையாது. அங்கிருந்து வரும் டேர்போ கார்களில் பல அதற்கேற்ற எண்களோடு வருகின்றன. இங்கே நாம் அடிப்பது 92 அல்லது 95. தட்டும் சத்தத்தைக் கேட்கும் சென்சர்தான் இவ்வளவு காலமும் அந்த எஞ்சின்களைக் காப்பாற்றி வருகிறது.

இனி பூட்டின் கதை. கம்பனிகள் நிரலுக்குக் கடவுச்சொல் போட்டன, குறியாக்கம் செய்தன. 1998இல் வந்த அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் அந்தப் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. பாட்டையும் படத்தையும் திருடாமல் தடுக்க வந்த சட்டம், கார்க்காரனின் கையையும் கட்டியது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை விதிவிலக்குக் கேட்கலாம் என்றிருந்ததால், 2015இல் உரிமையாளர்களுக்காக இலெக்ட்ரொனிக் ஃப்ரொன்டியர் ஃபவுண்டேஷன் கேட்டது. ஜெனரல் மோட்டர்ஸ் எதிர்த்தது. டிராக்டர் செய்யும் ஜோன் டியர், மென்பொருள் கம்பனிக்கே சொந்தம், விவசாயிக்கு இருப்பது அதை ஓட்டும் அனுமதி மட்டும்தான் என்ற தோரணையில் வாதாடியது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனமும் ஜூலையில் கடிதம் எழுதி எதிர்த்தது. சனங்களை உள்ளே விட்டால் புகைக் கட்டுப்பாட்டைக் கெடுத்துவிடுவார்கள் என்பது அதன் பயம்.

இரண்டு மாதம் கழித்து, 2015 செப்டெம்பர் 18இல், அதே நிறுவனம் வோக்ஸ்வேகன் மீது குற்றம் சுமத்தியது. வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து மேற்பார்வைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் வகுப்பு அமைதியாக இருப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த டீசல் கார்களின் நிரல் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. ஸ்டீயரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி மாறுகிறது, எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பார்த்து, இது பரிசோதனைக்கூடம் என்று அறிந்தால் புகையைச் சுத்தமாக்கும். பாதைக்கு வந்ததும் நைதரசன் ஒட்சைட்டை அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை கக்கும். அமெரிக்காவில் 482,000 கார்கள், உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து இலட்சம். இதற்கு வழி திறந்தவர்கள் மேற்கு வேர்ஜினியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறு குழு. அளவுக் கருவியைக் காரின் பின்னால் கட்டி, லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிப் பார்த்தார்கள்.

அவர்கள் பார்த்தது புகையை. நிரலை வாசித்தவர்களில் ஒருவர் ஃபெலிக்ஸ் டொம்கே என்ற ஜேர்மன்காரர். அவரும் வோக்ஸ்வேகன் வைத்திருந்தார். ஈசியூவின் நிரலைப் பிரித்து, புகையைச் சுத்தமாக்கும் அட்புளூ திரவம் சாதாரண ஓட்டத்தில் எப்படிக் குறைத்து விடப்படுகிறது என்பதை 2015 டிசெம்பரில் ஹம்பேர்க்கில் பகிரங்கமாக விளக்கினார். ஹொண்டா பொடியன்மார் சிப்பில் செய்த அதே வகை வேலைதான் இது.

விதிவிலக்கு அந்த ஒக்டோபரிலேயே கிடைத்திருந்தது. ஆனால் ஒரு வருடம் பொறுத்துத்தான் நடைமுறைக்கு வரும், மற்றச் சட்டங்களை மீறக் கூடாது, உரிமையாளர் தானே செய்ய வேண்டும், கராஜ்காரர் செய்ய முடியாது. தன் காரைத் தானே திருத்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? 2018இல்தான் இன்னொருவரின் உதவியையும் அனுமதித்தார்கள். நமது நாட்டில் அந்தச் சட்டம் செல்லாது. ஆனால் பெட்டிக்குள் என்ன எண்ணை மாற்றினாலும், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது.

சுற்றாடல் நிறுவனத்தின் பயமும் வெறும் பயமல்ல. பத்து வருடங்களுக்குள் 550,000க்கு மேற்பட்ட டீசல் பிக்கப்களில் புகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதாக 2020இல் அது கணக்குச் சொன்னது. கறுப்புப் புகை கக்குவதையே பெருமையாகக் காட்டும் கூட்டமும் அங்கே இருக்கிறது. இந்த வேலைக்கு ஆயத்தமான ஃபைல்கள் விலைக்கு விற்கப்பட்டன. காசு கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம், ஒரு கட்டத்தைக்கூடப் பார்க்கத் தேவையில்லை. இதையும் 64 கட்டத்தோடு இரவிரவாக மாரடித்தவர்களையும் ஒரே பெயரில் அழைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பழக ஆசைப்படுகிறவர்கள் எழுதும் மென்பொருளை முதலில் வாங்க வேண்டாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சொக்கட்டில் குத்தும் சின்ன புளூடூத் வாசிப்பான் போதும். அதில் “ஃபியூவல் ட்ரிம்” என்று ஓர் எண் வரும். அட்டவணை சொன்னதைவிட எத்தனை வீதம் கூடவோ குறையவோ பெற்றோல் விடவேண்டி வருகிறது என்பதை கணினி அதில் சொல்கிறது. பூச்சியத்தை ஒட்டி நின்றால் நல்லது. எப்போதும் கூட்டல் 20ஐச் சுற்றி நின்றால், எங்கோ அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது, அல்லது எயார் சென்சரில் தூசி, அல்லது பெற்றோல் பம்ப் களைத்துவிட்டது. முதலில் இன்டேக் பக்கத்து ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.