நரம்புக்குச் சாயம்

என் தமக்கைக்கு நரம்பு உறையை அரிக்கும் வியாதி. உடம்பைக் காக்கவேண்டிய காவற்படையே வழி தவறி உறையைத் தாக்குகிறதாம். அதனால்தான் இந்தச் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

1939 கோடையில் பெர்லினில் ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்க இளம் டாக்டர் ஒரே யோசனையாக நடந்துகொண்டிருந்தார். யுத்தம் வாசலில் நின்ற சமயம். அவருக்கோ வாத ஜுரத்தைப் பற்றிய கவலை. எதிர்ப்பொருள் தன் விரோதியை மட்டுமே தேடிப் பிடிக்கும். அதில் ஒளிரும் சாயத்தைக் கட்டிவிட்டால், விரோதி ஒளிந்திருக்கும் இடம் மைக்ராஸ்கோப்பில் தெரிந்துவிடாதா?

ஹார்வர்டுக்குத் திரும்பி முயன்றார். முதலில் எடுத்த சாயம் நீலமாக ஒளிர்ந்தது. திசுவும் தானாகவே நீலம் காட்டியதால் குழப்பம்! பச்சையாக ஒளிரும் ஃப்ளோரஸீனுக்கு மாறினார். 1942-ல் பலன் அச்சேறியது. பிறகு ராணுவம் அழைத்துக்கொண்டது. யோசனை சில வருஷம் தூங்கிற்று. 1950-ல்தான் மேம்பட்ட முறை வெளிவந்தது.

நரம்பில் மட்டும் ஒரு தொல்லை. 1854-ல் விர்ஹோ 'மைலின்' என்று பெயரிட்ட உறையில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு கொழுப்பு. நீரில் மிதந்து வரும் எதிர்ப்பொருளை அது சுலபத்தில் உள்ளே விடாது. பாரிஸில் ரான்வியே அந்தக் காலத்திலேயே இந்தப் பிடிவாதத்தைக் கண்டவர். சாயம் சில இடுக்குகளில் மட்டும் புகுந்ததால்தான், 1871-ல், உறையில் இடைவெளிகள் உண்டென்று சொல்ல முடிந்தது. தடையே தடயமாயிற்று!

இன்றைக்குச் சோப்பு போன்ற ரஸாயனத்தாலோ குளிர்ந்த மெதனாலாலோ கொழுப்பைக் கொஞ்சம் கரைக்கிறார்கள். குறைந்தால் சாயம் ஏறாது; மிஞ்சினால் பார்க்கவேண்டிய உறையே கலைந்துவிடும். நம் வீட்டில் பட்டுப்புடவை துவைக்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

நண்பர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் எலி நரம்பொன்றைக் காட்டினார்கள். இருட்டில் சிவப்பாக ஒரு பொட்டு. இரு பக்கமும் பச்சைக் கோடு. சிவப்பு, சோடியம் நுழையும் புரத வாசல்கள். அவை ரான்வியேயின் இடுக்கில் நெருக்கியடித்து நிற்கின்றன. நரம்பின் செய்தி அங்கங்கே புதுப்பலம் பெற்று ஓடுகிறது. உறை அரிந்துபோனால் இந்த வாசல்கள் இடம் மாறிச் சிதறிவிடுகின்றன என்பதையும் இதே சாயந்தான் காட்டிக்கொடுத்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். மரத்த காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "சாயம் கட்டுகிற அந்த எதிர்ப்பொருளும், என்னைத் தாக்குகிற படையும் ஒரே ஜாதிதானா?"

"சொந்தக்காரர்கள்தான், அக்கா" என்றேன்.