ஒளிவழித் தோல் புதுப்பிப்பு

ஒளிவழித் தோல் புதுப்பிப்பு என்பது நெடுங்கால வெயிலால் பாதிக்கப்பட்ட தோலின் தோற்றத்தை ஒளியாற்றலைக் கொண்டு சீராக்கும் மருத்துவ முறைகளின் பொதுப்பெயர் ஆகும். லேசர் எனப்படும் சீரொளி, தீவிரத் துடிப்பொளி, ஒளியியக்கச் சிகிச்சை ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இம்முறைகளின் பயனும் இடரும் தோலின் நிறத்தைப் பொறுத்துப் பெரிதும் மாறுபடுகின்றன.

வெயிலால் ஏற்படும் பாதிப்பு

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுடைய "பி" வகை, பெரும்பாலும் மேல்தோலில் உறிஞ்சப்பட்டு உயிரணுக்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது. 315 முதல் 400 நானோமீட்டர் வரையிலான "ஏ" வகை அடித்தோல் வரை ஊடுருவுகிறது. இக்கதிர்கள் கொலாஜன் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டுகின்றன. தோலுக்கு மீள்தன்மை தரும் இழைகளும் உருக்குலைகின்றன. இதனால் சுருக்கங்கள், கரும்புள்ளிகள், விரிந்த நுண்குருதிக் குழாய்கள், சொரசொரப்பு ஆகியன தோன்றுகின்றன.

செயற்படும் விதம்

முதல் சீரொளிக் கருவியைத் தியோடர் மைமன் 1960இல் இயக்கிக் காட்டினார். தோல் மருத்துவத்தில் அதன் பயன்பாட்டுக்கான கோட்பாட்டு அடிப்படையை ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் ஆகியோர் 1983இல் "சயன்ஸ்" இதழில் வெளியிட்டனர். இது தேர்வுசார் ஒளிவெப்பச் சிதைவு எனப்படுகிறது.

தோலில் ஒளியை உறிஞ்சும் முதன்மைப் பொருட்கள் மெலனின், ஈமோகுளோபின், நீர் ஆகிய மூன்றாகும். இவற்றுள் இலக்காகும் பொருள் மிகுதியாக உறிஞ்சும் அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்து, வெப்பம் சுற்றிலும் பரவுவதற்குள் ஒளித்துடிப்பை முடித்துவிட்டால், இலக்கு மட்டும் சிதையும். சிறிய பொருள் விரைவாகக் குளிர்வதால் அதற்கான துடிப்பும் குறுகியதாக இருத்தல் வேண்டும். மெலனின் துகள்களுக்கு நானோநொடி அளவிலும், குருதிக் குழாய்களுக்குப் பெரும்பாலும் மில்லிநொடி அளவிலும் துடிப்புகள் பயன்படுகின்றன.

வகைகள்

* மேற்பரப்பை நீக்கும் சீரொளி: கரியமில வாயுச் சீரொளியின் (10,600 நானோமீட்டர்) அல்லது எர்பியம் சீரொளியின் (2,940 நானோமீட்டர்) ஆற்றலைத் தோலிலுள்ள நீர் உறிஞ்சி, மேற்பரப்பு ஆவியாகிறது. ஆறும்போது புதிய மேல்தோலும் கொலாஜனும் உருவாகின்றன.
* பின்னச் சீரொளி: 2004இல் அறிமுகமான இம்முறையில் ஒளி மிக நுண்ணிய தூண்களாகச் செலுத்தப்படுகிறது. இடையிலுள்ள திசு பாதிக்கப்படாததால் காயம் விரைவில் ஆறுகிறது.
* தீவிரத் துடிப்பொளி: இது சீரொளி அன்று. செனான் விளக்கின் ஒளியிலிருந்து வடிகட்டிகள் மூலம் ஏறத்தாழ 500 முதல் 1,200 நானோமீட்டர் வரையிலான பட்டை பெறப்படுகிறது. கரும்புள்ளிகளையும் சிவப்பையும் நன்கு குறைக்கும். ஆழ்ந்த சுருக்கங்களில் பயன் குறைவு.
* ஒளியியக்கச் சிகிச்சை: தோலில் பூசப்படும் அமினோலெவுலினிக் அமிலம் உயிரணுக்களில் ஒளியுணர் பொருளாக மாறுகிறது. நீல அல்லது சிவப்பு ஒளி பட்டதும் வினைத்திறன் மிக்க ஆக்சிசன் உண்டாகி அவ்வணுக்களை அழிக்கிறது. புற்றுநோயாக மாறக்கூடிய வெயில் செதில்களுக்கு இம்முறையை ஐக்கிய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1999இல் ஏற்றது. சிகிச்சைக்குப்பின் ஏறத்தாழ இரண்டு நாட்கள் வெயிலைத் தவிர்த்தல் வேண்டும்.

தோல் நிறமும் இடர்களும்

மெலனின் மேல்தோலிலேயே இருப்பதால், கருநிறத் தோலில் ஒளி இலக்கை அடையுமுன்பே உறிஞ்சப்படுகிறது. இதனால் தீக்காயம், கொப்புளம், நீடித்த கருமை அல்லது வெளிர்திட்டு ஏற்படலாம். தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் உருவாக்கிப் பின்னர் ஆறு வகைகளாக விரிவாக்கப்பட்ட தோல் வகைப்பாட்டில், தெற்காசியர் பலர் நான்கு முதல் ஆறு வரையிலான வகைகளில் அடங்குவர். வெண்ணிறத் தோலுக்கு ஏற்ற அளவுகளை இவர்களுக்கு அப்படியே பயன்படுத்துதல் தீங்கானது. அலைநீளம் கூடும்போது மெலனின் உறிஞ்சுவது குறைவதால், 1,064 நானோமீட்டர் சீரொளி ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. தோலைக் குளிர்வித்தலும், சிறு பகுதியில் முன்சோதனை செய்தலும் இடரைக் குறைக்கும். கண்களுக்கு உரிய காப்புக்கண்ணாடி கட்டாயமாகும்.

வரம்புகள்

கரும்புள்ளி போலத் தோன்றுவது மெலனோமா எனும் தோற்புற்றாகவும் இருக்கலாம். ஒளியால் அதன் நிறம் மட்டும் மறைந்தால் நோய் கண்டறியப்படாமல் உள்ளே வளரக்கூடும். ஆகவே ஐயத்திற்குரிய புள்ளிகளைத் தோல் மருத்துவர் முதலில் ஆராய்தல் வேண்டும். தேவைப்பட்டால் திசுச் சோதனையும் செய்யப்படும். தோற்றம் சீரானாலும், தொடர்ந்து வெயில் பட்டால் பாதிப்பு மீண்டும் உண்டாகும். எனவே நிழல், உடலை மூடும் உடை, வெயில் தடுப்புக் களிம்பு ஆகியன சிகிச்சைக்குப் பின்னரும் இன்றியமையாதவை.