கூடாரத்து வாசலில் இரண்டு கட்சி

கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கழகம் பிறந்ததே ஒரு நிர்வாகத் தகராறில்தான். 1920 ஜூலை 28 அன்று மோகன் பகானை எதிர்த்து ஆடவிருந்த ஜோராபகான் அணி, சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைக் கடைசி நேரத்தில் நீக்கியது. துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி எவ்வளவோ சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. வெளியேறிய அவர் ஆகஸ்ட் 1 அன்று சிலரோடு சேர்ந்து புதுக் கழகம் தொடங்கினார். கிழக்கு வங்கத்துக்காரர்களின் கழகம் என்பதால் அந்தப் பெயர்.

சின்னமான தீப்பந்தமும் போராட்டத்தில் வந்ததே. 1930இல் சட்டமறுப்பு இயக்கத்தால் கல்கத்தா லீக் தடைப்பட்டது. இரண்டாம் பிரிவிலிருந்து மேலே ஏறும் வாய்ப்பு ஈஸ்ட் பெங்காலுக்கு மறுக்கப்பட, ஆதரவாளர்கள் பந்தம் கொளுத்தி எதிர்ப்புக் காட்டினார்கள்.

1947 பிரிவினைக்குப் பிறகு அகதிகளாய் வந்து குடியேறியவர்களுக்கு இது சொந்த ஊரின் அணியானது. விட்டுவந்த ஊரின் பெயர் எவ்வளவு கனக்கும் என்று கும்மிடிப்பூண்டி ஈழ அகதிகள் முகாமை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்த நாளில் வீட்டில் இலிஷ், அதாவது நம் உல்லம் மீன். எதிரணியான மோகன் பகான் ஜெயித்தால் எதிர்வீட்டில் இறால். அணி என்ன ஆனது என்பதை அடுப்படி வாசனையே சொல்லிவிடும்.

உறுப்பினர்களால் நடத்தப்பட்ட இந்தக் கழகத்துக்கு, தொழில்முறை லீக் வந்ததும் பணம் போதவில்லை. 2018இல் முதலீட்டாளராக வந்த குவெஸ் நிறுவனம் இரண்டே ஆண்டில் விலகியது. 2020 செப்டம்பரில், மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜியின் முயற்சியில் ஸ்ரீ சிமென்ட் வந்தது; அந்தப் பலத்தில் ஐஎஸ்எல் எனும் இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் இடமும் கிடைத்தது. பூர்வாங்க உடன்பாட்டுக்கு ஒப்பிய கழக நிர்வாகிகள், இறுதி ஒப்பந்தம் கைக்கு வந்தபோது கையெழுத்துப் போட மறுத்தார்கள். முதலில் பேசியது வேறு, இதில் கழகத்தின் உரிமையே போய்விடும் என்பது அவர்கள் வாதம். எதுவும் மாறவில்லை என்றது நிறுவனம். அடுத்த பருவத்துக்கு அணி இருக்குமா என்பதே கேள்வியாயிற்று.

2021 ஜூலை 21 அன்று, லெஸ்லி கிளாடியஸ் சரணியில் உள்ள கழகக் கூடாரத்தின் முன் ரசிகர்கள் திரண்டார்கள். மைதானத்துக் கழகங்களின் அலுவலகத்தை இன்றும் கூடாரம் என்றே சொல்வது கொல்கத்தா வழக்கம். கையெழுத்துப் போடு, இல்லையேல் பதவியை விடு என்று நிர்வாகிகளை எதிர்த்து ஒரு கூட்டம். கழகத்தை விற்க விடமாட்டோம் என்று அவர்களுக்குத் துணையாக இன்னொரு கூட்டம். கோஷம் கைகலப்பாக முற்றியது. போலீஸ் தடியடி நடத்திப் பலரைப் பிடித்துச் சென்றது. இரு கூட்டமும் அணிந்திருந்தது ஒரே சிவப்பு–மஞ்சள். கழகம் கெட்டுப்போனது என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை; கெடுத்தவர் யார் என்பதில்தான் சண்டை.

ஆகஸ்ட் 25 அன்று முதல்வர் தலையிட, அந்தப் பருவம் மட்டும் தப்பியது. அவசரமாகச் சேர்த்த அணி 20 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் வென்று கடைசி இடத்தில் முடித்தது. 2022 ஏப்ரலில் ஸ்ரீ சிமென்ட் விலகியது; இறுதி ஒப்பந்தம் கடைசிவரை கையெழுத்தாகவில்லை. அதே ஆண்டு இமாமி குழுமம் வந்தது. 2024 ஜனவரியில் ஒடிசா எஃப்சியை 3–2 என வென்று சூப்பர் கோப்பையைப் பெற்றபோது, ஈஸ்ட் பெங்கால் தேசியக் கோப்பை ஒன்றைத் தொட்டு 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.