காற்று வாங்கிய கடற்கரை

கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்திலும் பிற்பகலில் சென்னையில் காற்று திசைமாறும். சூடேறிய நிலத்துக்கு மேலிருக்கும் காற்று எழும்ப, கடற்காற்று ஊருக்குள் நுழையும். அலுவலக நெருக்கடி, கடன், வீட்டுச் சச்சரவு என எது மனதை அழுத்தினாலும், மெரினா கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்கிவருவது சென்னைவாசிகளின் நெடுநாள் வழக்கம்.

ஆனால் அந்த அகன்ற மணற்பரப்பு ஆதியிலிருந்தே இருந்ததல்ல. அலைகள் ஜார்ஜ் கோட்டை மதிலை நெருங்கிவந்த காலம் உண்டு. 1870-களின் நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் எழும்பின. தென்மேற்குப் பருவத்தில் கரையோரமாக வடக்கே நகரும் மணலை அவை மறித்தன. தெற்கே கரை அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கமோ கடல் கரையை அரித்தது. மெரினாவின் மணலுக்கு வடசென்னை மீனவர்கள் கொடுத்த விலை அது.

1881 முதல் 1886 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், கரையையொட்டி உலாவுசாலை அமைத்தார். சிசிலித் தீவின் நினைவாக அதற்கு 'மெரினா' என்று பெயரிட்டார்.

அதை மக்களின் இடமாக்கியவர்கள் மக்களே. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் சுதேசிக் கூட்டங்கள் நடந்தன, பாரதியார் பேசினார். நடப்பவர்களுக்கு விடியற்காலை, குடும்பங்களுக்கு மாலை என்று வழக்கம் படிந்தது. தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் வந்தது. சோளக்கதிரைக் கரி நெருப்பில் திருப்பித் திருப்பி வாட்டி, எலுமிச்சைத் துண்டை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தோய்த்துக் கதிர் முழுக்கத் தேய்த்துத் தருகிறார் வியாபாரி. அதைக் கடித்தபடி ஈர மணலில் கால் நனைய நடப்பவருக்கு, அந்த அரைமணி நேரமாவது கவலை பின்னுக்குப் போகிறது. நடையும் காற்றும் கூட இருப்பவரின் பேச்சும் சேர்ந்து செய்யும் வேலை அது.

2004 டிசம்பர் 26 காலை, நடக்கவும் விளையாடவும் வந்தவர்களைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. அச்சம் தணிந்ததும் மக்கள் திரும்பினார்கள். கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில் மூடிய கடற்கரை டிசம்பரில் திறந்தபோதும் திரும்பினார்கள்.

2022 நவம்பரில், சக்கர நாற்காலியில் வருவோரும் அலையருகே செல்ல மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சீரமைத்தார்கள். மனதை ஆற்றிக்கொள்ள ஏழைக்கும் காசில்லாமல் கிடைக்கும் இடங்கள் நகரத்தில் குறைவு. மெரினாவை எவ்வளவு அழகுபடுத்தினாலும், அதற்கு வேலியும் நுழைவுக் கட்டணமும் மட்டும் வரக் கூடாது.