தேதி தீர்மானித்த தண்டனை

காஹாங்கில் பிடிபட்டவருக்கும் கோலாலம்பூரில் பிடிபட்டவருக்கும் சட்டம் ஒன்றுதான். இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் நேற்றுத் தண்டிக்கப்பட்டவருக்கும் இன்று தண்டிக்கப்படுபவருக்கும் சட்டம் ஒன்றா?

கூட்டரசு அரசியலமைப்பின் 7ஆவது விதி ஒரு பாதியைத் தெளிவாகச் சொல்கிறது. குற்றம் புரிந்த நாளில் இருந்ததைவிடக் கடுமையான தண்டனையைப் பின்னால் யார்மீதும் சுமத்தக்கூடாது. சலுகை பின்னோக்கிச் செல்லுமா என்பதை அது சொல்லவில்லை.

1987இல் டத்தோ யாப் பெங் வழக்கில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 418ஏ பிரிவு செல்லாது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அத்தீர்ப்பு இனிவரும் வழக்குகளுக்கே பொருந்தும் என்றது. முடிந்தவை முடிந்தவையாகவே நின்றன.

போதைப்பொருள் கடத்தலுக்கு 1983 முதல் மரண தண்டனை கட்டாயமானது. 15 கிராம் ஹெராயின் வைத்திருந்தாலே கடத்தல்காரர் என்று அனுமானிக்கச் சட்டம் இடம் தந்தது. குற்றம் உறுதியானால், நீதிபதிக்கு வேறு வழியில்லை.

2018 மார்ச் 15இல் அந்தப் பூட்டு சற்றுத் தளர்ந்தது. வெறுமனே சுமந்து சென்றவராக இருந்து, அதிகாரிகளுக்கும் உதவியிருந்தால், ஆயுள் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். ஆனால் அந்நாளுக்குமுன் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றவருக்கு இது கிடையாது. ஒரே நாளில் குற்றஞ்சாட்டப்பட்ட இருவரில், விசாரணை விரைந்து முடிந்தவர் தூக்கை எதிர்நோக்கினார், இழுபட்டவருக்கு வாய்ப்பிருந்தது. இதுவா சமநீதி?

2023இல் நாடாளுமன்றம் கட்டாய மரண தண்டனையை நீக்கியதோடு, மேல்முறையீடு அனைத்தும் முடிந்தவர்களுக்கும் கதவு திறந்தது. செப்டம்பர் 12 முதல் 90 நாட்களுக்குள் அவர்கள் கூட்டரசு நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்றது சட்டம். மரண தண்டனைக்குப் பதில் 30 முதல் 40 ஆண்டுச் சிறை விதிக்க நீதிபதிகளுக்கு அதிகாரம் கிடைத்தது.

இதற்கும் எல்லை உண்டு. அச்சட்டம் தண்டனையை மட்டுமே மறுபரிசீலனை செய்தது; குற்றத்தீர்ப்பைத் தொடவில்லை. ஓர் அனுமானத்தின்மேல் இன்னோர் அனுமானத்தை அடுக்கிக் குற்றவாளியாக்க வழிவகுத்த 37ஏ பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என, 2019 ஏப்ரலில் அல்மா நூடோ வழக்கில் கூட்டரசு நீதிமன்றமே கூறியிருந்தது. அதற்குமுன் அவ்வழியில் குற்றவாளியானவருக்கு, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் தண்டனை குறையலாம், பழி நீங்காது.

2018 முதல் தூக்குத் தண்டனை நிறைவேற்றம் நிறுத்தி வைக்கப்பட்டதால்தான் பலர் இந்தச் சட்டம் வரும்வரை உயிரோடு இருந்தார்கள். சிறைக்கதவைப் பின்தேதியிட்டுத் திறக்கலாம். கல்லறையை அப்படித் திறக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது.