பூமியதிர்ச்சியும் டயலிசிஸும்: ஆர்மேனியாவின் கதை

1988 டிசெம்பர் 7, முற்பகல் 11.41. சோவியத் ஒன்றியத்தின் சின்னக் குடியரசான ஆர்மேனியாவின் வடக்கில் பூமி அதிர்ந்தது. ஸ்பிடாக் நகரம் தரைமட்டமானது. லெனினாகானில், அதாவது இன்றைய கியூம்ரியில், தொடர்மாடிகள் சரிந்தன. ஏறத்தாழ 25,000 பேர் செத்துப்போனார்கள்.

நாங்கள் இங்கே பேச வருவது உயிரோடு மீட்கப்பட்டவர்களைப் பற்றி. கொங்கிரீட்டுக்குக் கீழே மணிக்கணக்காக நசுங்கிக் கிடந்த ஒருவரை வெளியே எடுத்ததும், ஆள் தப்பிவிட்டார் எண்டுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் பாரம் விலகின பிறகுதான் வினையே தொடங்குகிறது. நசுங்கிய தசையிலிருந்து மையோகுளோபினும் பொட்டாசியமும் குருதியில் கலக்கின்றன. முதலாவது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். மற்றது இதயத்தையே நிறுத்திவிடும். சில வாரங்கள் டயலிசிஸ் செய்தால் பெரும்பாலும் சிறுநீரகம் மீண்டும் தேறிவிடும். இயந்திரம் இல்லையெண்டால் சாவுதான்.

சோவியத்தில் அறிவுக்குப் பஞ்சமில்லை. உலகில் முதன்முதலாக மனிதச் சிறுநீரகத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்திப் பார்த்தவர் உக்ரேனின் கெர்சோனில் வேலை செய்த யூரி வொரொனோய். அது 1933இல். நோயாளி சில நாட்களில் இறந்துபோனார். 1958இல் மொஸ்கோவில் டயலிசிஸ் தொடங்கியது. ஆனாலும் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோரின் சிறுநீரகம் பழுதானபோது ஆர்மேனியாவில் போதிய இயந்திரங்கள் இருக்கவில்லை. கோர்பச்சேவ் அரசு பனிப்போர் எதிரிகளிடமும் உதவியை ஏற்றது. வெளிநாட்டு வைத்தியர்கள் இயந்திரங்களோடு வந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் பேரிடர்களுக்கென்று தனிப் பணிக்குழுவை அமைத்தது. 1999இல் துருக்கியின் மர்மரா பூமியதிர்ச்சியில் அந்தக் குழு களத்தில் நின்றது.

இயந்திரம் வந்தால் மட்டும் போதுமா? அதிர்ச்சிக்குப் பிறகு, 1989இல், மெட்சமோர் அணுமின் நிலையத்தைப் பாதுகாப்புக் கருதி மூடினார்கள். பிறகு சுதந்திரம், கராபாக் யுத்தம், எல்லை முற்றுகை. 1995இல் நிலையம் மீண்டும் இயங்கும்வரை ஒரு நாளைக்குச் சில மணித்தியாலம்தான் கரண்ட். ஒரு தடவை டயலிசிஸ் செய்ய ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் தடையற்ற மின்சாரமும் நூறு லீற்றருக்கு மேல் சுத்திகரித்த நீரும் வேண்டும். அப்படிப்பட்ட காலத்திலும் யெரெவானின் அரப்கிர் வைத்தியசாலை, சுவிஸ் வைத்தியர்களின் துணையோடு, சிறுவர் சிறுநீரகச் சிகிச்சையை வளர்த்தெடுத்தது.

இன்னொரு பாடமும் உண்டு. ஆர்மேனியர்களிடையே பரவலாக உள்ள குடும்ப மத்தியதரைக் காய்ச்சல் என்ற பரம்பரை நோய், கவனியாமல் விட்டால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கொல்கிசின் என்ற பழைய மருந்தை ஒழுங்காக எடுத்தால் அதைத் தடுக்கலாம். இயந்திரம் வாங்குவதை நாடுகள் விழா எடுத்துக் கொண்டாடும். ஒரு குளிசை வேளைக்குக் கிடைத்ததால் டயலிசிஸ் கட்டிலுக்கே போகாத பிள்ளையை யாரும் எண்ணுவதில்லை. மருத்துவ வரலாறு எழுதும்போது அந்தப் பிள்ளையையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து.